கூடத்தில் இறக்கிய இன்ஜின்

எங்கள் அத்தானுக்குக் காது நன்றாகவே கேட்கும். தெருமுனையில் லாரி திரும்பும் சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரத்தில் பேரிங் போயிருக்கிறது என்று வீட்டுக்குள் சோறு தின்றுகொண்டே சொல்லிவிடுவார். ஆனால் எதிரே உட்கார்ந்து குழம்பு ஊற்றுகிற என் அக்கா சொன்னால் மட்டும் கேட்காது. டீக்கடையில் நிற்கிறவன் சொன்னால் கேட்கும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் சொன்னால் கேட்கும், முன்பின் தெரியாத லாரிக்காரன் சொன்னால் அது வேதவாக்கு. வீட்டு ஆள் தலைகீழாக நின்று சொன்னாலும் அது காற்று.

அவர் செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. செத்தவரைப் பற்றிக் கரித்துக் கொட்டக்கூடாது என்பார்கள். கொட்டினால் என்ன, நான் சொல்வதை அவர் உயிரோடு இருந்தபோதே கேட்டதில்லை.

ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டோரம் தகரக்கொட்டகை போட்டு லாரி மெக்கானிக்காக இருந்தார். கைத்திறமையில் ஒரு குறை சொல்ல முடியாது. அக்கா பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வெள்ளைத் துணியை நாள் முழுக்க நின்றுகொண்டே வெட்டுவதும் மடிப்பதும் சுற்றுவதும்தான் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது இரண்டு காலும் வீங்கியிருக்கும். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதற்கும் அவர் வீட்டார் அக்காவைத்தான் சொன்னார்கள். நான் வாக்கப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ் ஏறினால் செத்த நேரத்தில் அக்கா வீடு என்பதால் அடிக்கடி போய்விடுவேன்.

ஒரு சமயம் அத்தான் தண்ணீர் தண்ணீர் என்று குடித்துக்கொண்டே இருந்தார். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். "ஏங்க, இது சர்க்கரையா இருக்கும், ஆஸ்பத்திரில போயி காட்டுங்க" என்று அக்கா மாதக்கணக்கில் கெஞ்சினாள். எழுந்து போய் இன்னொரு செம்பு தண்ணீர் குடிப்பார், அதுதான் பதில். ஒருநாள் ஆலங்குளத்திலிருந்து சிமெண்ட் ஏற்றிவரும் லாரி டிரைவர் ஒருத்தர், "என்ன அண்ணாச்சி, சுகர் இருக்கா?" என்று சும்மா கேட்டிருக்கிறார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, "ஏட்டி, எனக்கு சுகராம்ல. ஆலங்குளத்தான் பாத்த ஒடனே சொல்லிட்டான். ஆளு கெட்டிக்காரன்" என்று அக்காவிடமே பெருமையாகச் சொன்னார். அக்கா சர்க்கரை டப்பாவை எடுத்து மேல் பலகையில் வைத்தாள்.

என் வீட்டுக்காரர் கதை இன்னும் மோசம். அவர் என்னைப் பெண் பார்க்க வந்தபோது அத்தான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, பம்பு செட்டுக்கு எந்த மோட்டார் வாங்கலாம், எந்த பேங்கில் கடன் கேட்கலாம் என்று யோசனை கேட்டுக்கொண்டே இருந்தார். "சரியாச் சொன்னீக, சரியாச் சொன்னீக" என்று தலையை ஆட்டினார். தாலி கட்டிய மறுநாள் விருந்துச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சுவரைப் பார்த்தார். அவரும் வீட்டு ஆளாகிவிட்டார், அவ்வளவுதான்.

அக்கா கடைசியில் ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள். அத்தான் காதில் ஏற வேண்டிய விஷயத்தைப் பால்காரரிடம் சொல்லி அனுப்புவாள். "அண்ணே, கூரை ஒழுகுதுன்னு அவியகிட்ட நீங்க பாத்தமாதிரி சொல்லிருங்க." மறுநாளே கூரையில் ஆள் ஏறும். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது, வயிறுதான் எரியும். கட்டின புருஷனிடம் பேசுவதற்குப் பால்காரர் வேண்டுமா!

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தச் சிவப்புக் கார் வந்தது. ஊரில் ஒரு மில் முதலாளியின் இளைய மகன் வெளிநாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஜப்பான் கார். இரண்டே கதவு, இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். நம்மூர் ரோட்டில் அது ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். கொஞ்ச நாளில் பின்னால் நீலப் புகை கக்க ஆரம்பித்தது. மதுரையில் காட்டியும் சரியாகவில்லை. அத்தான் குனிந்து கையை விட்டுப் பார்த்துவிட்டு, "டர்போ ரெண்டும் போச்சு" என்றார்.

டர்போ என்றால் ஒரு சின்ன விசிறி. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றி, காற்றை இழுத்து மறுபடி இன்ஜினுக்குள் திணிக்கும். அதனால்தான் அந்தக் காருக்கு அவ்வளவு வேகம். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றுவதால் எண்ணெய் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் நின்றால் வெந்துவிடும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தக் காலத்தில் அக்கா வீட்டுக்குப் போனால் வேறு பேச்சே கிடையாது.

புது டர்போ இரண்டும் சிங்கப்பூரிலிருந்து வந்தன. அவற்றை மாட்ட வேண்டுமானால் இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டும், கைபோக இடமில்லாமல் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ரோட்டோரக் கொட்டகையில் புழுதி பறக்கும், அங்கே வைத்துப் பிரிக்க வேண்டாம் என்று முதலாளி வீட்டில் சொல்லிவிட்டார்கள். வேலை சரியாக முடிந்தால் மில் வாசலை ஒட்டிய காரைக்கட்டு ஷெட்டை அத்தானுக்கே தருவதாகவும், மில் வண்டிகள் அத்தனையும் அவரிடமே வரும் என்றும் சொன்னார்கள். அதுவும் சொந்த ஆளிடம் பேசுவதுபோல் அவர்கள் வீட்டுத் தெலுங்கு கலந்து சொன்னார்கள். அத்தானுக்கு அது போதாதா! நல்லாயிருக்கு என்பதைக்கூட "பாகுந்தி, பாகுந்தி" என்றே வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அக்காவுக்கும் ஆசைதான். ஷெட் வந்தால் நின்றுகொண்டே பார்க்கிற வேலையை விட்டுவிடலாம் என்று என்னிடம் சொன்னாள்.

வீட்டு முற்றத்தில் மூன்று இரும்புக் குழாயைக் கூம்பாகக் கட்டி, செயின் கப்பி மாட்டி, நாலு பேரை வைத்து இன்ஜினைத் தூக்கினார். பாரம் போனதும் காரின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. பலகை போட்டு உருட்டி இன்ஜினைக் கூடத்துக்குள் கொண்டுவந்து மரச்சட்டத்தில் இறக்கினார்கள். அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடமும் காட்டியாயிற்று. அன்றிலிருந்து அக்காவுக்குப் படுக்கை அடுப்படியில். தெருவே வந்து எட்டிப் பார்த்தது, பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருவதைப் போல. வந்தவர்களுக்கெல்லாம் அக்கா காப்பி போட்டாள்.

முதல் நாளே அக்கா, "ஏங்க, ஓட்டையெல்லாம் தொறந்து கெடக்கே, பல்லி கில்லி போயிறாதா? துணிய வச்சு அடைப்போமா?" என்று கேட்டாள். அத்தான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் எவனோ ஒரு டிரைவர் அதையே சொல்லியிருக்கிறான். சாயங்காலம் வந்து, "ஓட்டைய எல்லாம் அடைச்சு வையிட்டி. இதக்கூட நான் சொல்லணுமா?" என்று அதட்டினார்.

அக்கா கம்பெனி வெட்டுத்துணியைக் கொண்டுவந்தாள். அவர்கள் கம்பெனியில் வயிற்று ஆபரேஷனுக்கென்று ஒரு துணி தைப்பார்கள். டாக்டர் அதை உள்ளேயே மறந்து வைத்துத் தைத்துவிடக்கூடாது என்று மூலையில் நீளமாக ஒரு நாடா வைத்துத் தைப்பது வழக்கம். அக்காவும் அதே போல ஒவ்வொரு ஓட்டைக்கும் துணியைச் சுருட்டி அடைத்து, வெளியே தெரிகிற மாதிரி வால் விட்டாள். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. டர்போவுக்கு எண்ணெய்க் குழாய் மாட்டுகிற ஓட்டை ஒன்று மட்டும் விரல்கூட நுழையாத சின்னது. அதில் துணியைத் திரியாக முறுக்கிக் கொண்டை ஊசியால் உள்ளே தள்ளினாள். அதற்கு வால் விட இடமில்லை.

"ஏங்க, இந்தச் சின்ன ஓட்டைல உள்ளது வெளிய தெரியாது. ஏத்தும்போது என்னைய ஒரு வார்த்த கேளுங்க. நான் எடுத்துத் தாரேன்."

நான் அங்கேதான் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அத்தான் ரேடியோவில் மாநிலச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர் ஆடிப்பூரத் தேருக்கு அக்கா வருஷா வருஷம் முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அந்த வருஷமும் வந்தாள். இன்ஜின் ஏற்றுவதற்கு இன்னும் ஒரு வாரமாகும் என்றுதான் அத்தான் சொல்லியிருந்தார். ஆனால் அவள் பஸ் ஏறிய பிறகு டீக்கடையில் யாரோ அத்தானிடம், "தேரன்னிக்கே ஸ்டார்ட் பண்ணுங்க அண்ணாச்சி. தாயார் தேர் நிலைக்கு வருமுன்ன காரு அங்க போயி நிக்கணும். அதவிட நல்ல நேரம் ஏது?" என்று கொளுத்திப் போட்டிருக்கிறான். முதலாளி மகனுக்கும் அது பிடித்துப்போயிற்று. ஆள் சேர்த்து ஒரே மூச்சில் டர்போவை மாட்டி, இன்ஜினை ஏற்றி முடித்துவிட்டார்கள்.

தேரன்று காலையில் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி தேர் பார்க்க வந்தவள், "ஒங்க வீட்டு வாசல்ல காரு கெளம்பத் தயாரா நிக்குதுக்கா, இங்கதான் வருதாக" என்றாள். அக்காவுக்கு முகமே மாறிவிட்டது. "திரிய எடுத்தாரோ என்னமோ, வாட்டி" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள். அவர்கள் வீட்டுக்கு எதிரே மளிகைக் கடையில் போன் உண்டு. கடைக்காரர் போய் அத்தானைக் கூட்டிவந்தார்.

"ஏங்க, நாந்தான். எண்ணெய்க் குழாய் மாட்டுத சின்ன ஓட்டைல ஒரு திரி வச்சிருக்கேன். வாலு கெடையாது. அத எடுத்தாச்சா? எடுக்காம வண்டிய எடுக்காதீக."

ரிசீவரில் காதை ஒட்டி நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தேர் பாக்கப் போனவ தேரப் பாரு. இங்க மொதலாளி வீட்டு ஆளுக நிக்காக. திரியாம், கிரியாம்."

வைத்துவிட்டார். அக்கா மறுபடி போன் போட்டாள். இந்தத் தடவை புத்திசாலித்தனமாகக் கடைக்காரரிடமே, "அண்ணே, நீங்க போயி சொல்லுங்க, நீங்க சொன்னாக் கேப்பாக" என்று கெஞ்சினாள். பாவம், அந்த மனுஷர் கல்லாவை விட்டு இறங்கி ஓடினார். கடைக்காரர் வாயிலிருந்து வந்திருந்தால் அத்தான் கேட்டிருப்பார், சத்தியமாகக் கேட்டிருப்பார். ஆனால் அவர் வாசலுக்கு வருவதற்குள் கார் தெருவைத் தாண்டிவிட்டது.

ஊரே வடம் பிடித்து இழுக்கிறது. குலவைச் சத்தம் காதைப் பிளக்கிறது. என் அக்கா தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ராஜபாளையம் ரோட்டையே பார்த்து நின்றாள். பிறகு பஸ்ஸில் வந்து இறங்கிய யாரோ சொன்னார்கள், சிவப்புக் கார் ஒன்று பாதி வழியில் புகையைக் கக்கிக்கொண்டு நிற்கிறதென்று. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எண்ணெய் போகாத டர்போ வெந்து உடைந்து, அதன் தூள் இன்ஜினுக்குள்ளேயே போய்விட்டது. இனி அந்த இன்ஜின் எதற்கும் ஆகாது. மறுநாள் அக்காவைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். அத்தான் கொட்டகையிலிருந்து வந்தார். அவருடைய அண்ணன், அண்ணன் பெண்டாட்டி, தெருக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். கையில் கருகிக் கிடந்த திரியை அக்காவின் காலடியில் வீசினார்.

"இந்தா, ஒன் கம்பெனி துணி. பொம்பள கை பட்டா எதாச்சும் வெளங்குமா?"

"நான் போன் போட்டுச் சொன்னேன்ல?"

அவர் சுவரைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், அக்கா சொன்னா! நான் பக்கத்துல நின்னு கேட்டேன்! முன்னாடியே வீட்டுல வச்சும் சொன்னா!" என்று கத்தினேன்.

"ஒன்ன யாருட்டி கேட்டா?"

அவ்வளவுதான். மில் வாசல் ஷெட் வேறொருவருக்குப் போனது. சிவப்புக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா அதே கம்பெனியில் அதே வீங்கிய காலோடு நின்றாள். அத்தான் அன்றிலிருந்து அவளிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். "காப்பி வேணும்" என்பார் கதவைப் பார்த்து. "எண்ணெ தீந்து போச்சு" என்பார் காலண்டரைப் பார்த்து. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வேலைக்கு வந்தால் பால்கோவா வாங்கிக்கொண்டுபோய் அடுப்படிப் பலகையில் வைப்பாராம். யாருக்கு என்று சொல்ல மாட்டார். அவர் தின்னக் கூடாது, வீட்டில் வேறு ஆளும் கிடையாது. அக்கா அதை எடுத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள்.

அவர் வீட்டு விசேஷங்களுக்குப் போனால், "மதினி கையில துணியக் குடுத்துராதீக" என்று யாராவது சொல்வார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அத்தானும் அங்கேயே உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லி அந்த வாய்களை அடைத்திருக்கலாம். மனுஷன் வெற்றிலை மென்றுகொண்டிருப்பார்.

ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அக்கா சொன்னாள். "எனக்கு நக நட்டு ஒண்ணும் வேண்டாம்ட்டி. 'நீ சொன்ன, நாந்தான் கேக்கல'ன்னு ஒரு தடவ சொன்னாப் போதும். பொறவு காலம் பூரா செவத்தப் பாத்தே பேசட்டும்."

"பால்காரர்கிட்டச் சொல்லி அனுப்புவமா?" என்று கேட்டேன், பாதி விளையாட்டாக.

"சீ! அத மட்டும் ஆள் வச்சு வாங்க வேண்டாம். அவரு வாய்லருந்து வரட்டும்."

வருஷங்கள் ஓடின. சர்க்கரை முற்றி அத்தான் காலில் புண் வந்தது. ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் மலம் அள்ளியது, புண் துடைத்தது, சோறு ஊட்டியது எல்லாம் அக்காதான். கட்டுப் போடுவதற்கு நர்ஸே அவளைத்தான் கூப்பிடும், அவ்வளவு நேர்த்தியாகப் போடுவாள். ஒருநாள் கண்ணை விழித்து அவளையே ரொம்ப நேரம் பார்த்தார். நான் அங்கேதான் இருந்தேன். அக்கா முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள். வந்துவிட்டது, சொல்லிவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணையாக வந்திருந்த ஆளைப் பார்த்து, "இவ சாப்பிட்டாளான்னு கேளுங்க" என்றார். இரண்டு நாளில் போய்விட்டார்.

துஷ்டி கேட்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு கூட்டம் வரும்போதும் பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அக்கா ஒவ்வொரு தடவையும் நெஞ்சிலிருந்துதான் அழுதாள். தொண்டை கட்டி, குரலே போய்விட்டது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது, இந்த மனுஷனுக்கு இவ்வளவு கண்ணீரா என்று.

சாயங்காலம் ஆலங்குளத்து டிரைவர் வந்தார், அத்தானுக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்தாரே, அவர்தான். அவருக்கும் தலை நரைத்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மதினி, ஒங்களப் பத்திப் பேசாம அண்ணாச்சி ஒரு டீ குடிச்சது இல்ல. அந்தச் செவப்புக் காரு வெசயத்த எங்ககிட்ட எம்புட்டு தடவ சொல்லிருப்பாக! 'எம்பொண்டாட்டி அன்னிக்கே சொன்னா. போன் போட்டும் சொன்னா. நாந்தாம்ல கேக்கல. தப்பு என் தப்பு'ம்பாக. புதுசா வார பையம்மாரு எல்லாருக்கும் இதச் சொல்லி, 'வீட்டுல சொன்னாக் கேட்டுக்கோங்கலே'ன்னு புத்தி சொல்லுவாக. இந்த ரோட்டுல ஓடுத டிரைவர் அம்புட்டு பேருக்கும் ஒங்களத் தெரியும் மதினி."

ஆறுதலாகத்தான் சொன்னார் அந்த நல்ல மனுஷர். 

அக்கா கட்டிப்போன குரலில் கேட்டாள். "எப்பருந்து அண்ணே சொன்னாக?"

"மொத நாளே சொன்னாகளே. தேரன்னிக்கு நடுரோட்டுல நின்ன காரக் கயித்தக் கட்டி இழுத்துட்டு வந்தது நாந்தான. கொட்டகைல ரெண்டு பேருந்தான் பிரிச்சோம். திரி வெளிய வந்துச்சு. அண்ணாச்சி அதக் கையில வச்சுக்கிட்டு கேவிக் கேவி அழுதாக. 'அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்'னாக."

அப்படியானால் மறுநாள் வீட்டுக்கு வந்து திரியைக் காலடியில் வீசியபோது அத்தனையும் தெரிந்துதான் வீசியிருக்கிறார். தென்காசி ரோட்டில் ஓடுகிற டிரைவருக்கெல்லாம் தெரிந்த ஒரு வாக்கியம், அடுப்படிக்கு வரவே இல்லை. என் அக்காவை ஊர் சிரித்தபோது, அவள் சொன்னது சரி என்று வெளியே ஒரு ஊருக்கே சொல்லிவிட்டு வந்து, உள்ளே உட்கார்ந்து வெற்றிலை மென்றிருக்கிறார். அவரை நான் மன்னிக்க மாட்டேன். இன்றைக்கும் மாட்டேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "அண்ணே, அவுக சொன்னத இன்னொரு தடவ அப்படியே சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னார். எம்பொண்டாட்டி அன்னிக்கே சொன்னா. போன் போட்டும் சொன்னா. நாந்தாம்ல கேக்கல. தப்பு என் தப்பு. அக்கா ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டினாள். முடிந்ததும், "சரிண்ணே" என்றாள்.

அந்நேரம் வாசலில் புதுக்கூட்டம் ஒன்று வந்தது. நாலைந்து பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு உள்ளே வந்து அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். "என்னப் பெத்த தாயே, ஒன்னத் தவிக்க விட்டுப் போயிட்டாகளே" என்று ஆரம்பித்தார்கள். அக்கா அழவில்லை. கட்டிக்கொண்ட கைகளுக்கு நடுவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்கள். நான்தான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தாங்க முடியாமல் அழுதேன்.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, நீ யாருக்கு அழுத? எந்திரி. வந்தவியளுக்குக் காப்பியப் போடு."